கீரை வளரட்டும், கொசு வளர வேண்டாம்!

வீவக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் துளசி, கறிவேப்பிலை, பாண்டான் என்று சில பூச்சட்டிகளாவது இருக்கும். மனதுக்கு இதமான காட்சிதான். ஆனால் டெங்கிக் காய்ச்சல் பரவும் மாதங்களில் அதே பூச்சட்டிகள் வீட்டுக்குள் வாக்குவாதத்தைக் கிளப்பிவிடும். "செடியெல்லாம் வேண்டாம்மா, கொசு வந்துடும்" என்பார் மகன். "நம்ம கையால வளர்த்த கீரையைச் சாப்பிட்டுப் பாருப்பா, அந்த ருசியே தனி" என்பார் தாய். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

வாட்டர்கிரெஸ் கீரை என்று வந்துவிட்டால் இந்த வாக்குவாதம் இன்னும் பலமாகும். தண்ணீர் இல்லாமல் ஒருநாள்கூடத் தாங்காத கீரை இது. தண்ணீரை விரும்பும் செடியை வளர்க்க வேண்டும், வீட்டில் தண்ணீர் தேங்கவும் கூடாது. இது முடிகிற காரியமா? முடியும். அதற்கு இந்தக் கீரையின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடுகின் உறவுக்கீரை

ஈரச்சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் இந்தக் கீரையைச் சீனர்கள் கண்டனிய மொழியில் 'சாய் யோங் சோய்' என்பார்கள். 'மேல்நாட்டுக் கீரை' என்பது அதன் பொருள். மலாய்க்காரர்களுக்கு இது 'சலாடா ஆயர்'. ஐரோப்பாவும் ஆசியாவின் சில பகுதிகளும் இதன் தாயகம். இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் 1808ஆம் ஆண்டில் வில்லியம் பிராட்பெரி என்பவர் இதை வணிகப் பயிராக வளர்க்கத் தொடங்கினார். ஹாங்காங்கில், முன்பு இந்தக் கீரை விளைந்த நிலத்தில் எழுந்த ஒரு தெருவுக்கு இன்றும் இதன் பெயர்தான்.

கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. பச்சையாக மென்றால் நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் ஏறுவது அதனால்தான்.

சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆய்விதழில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை ஒன்று, 41 காய்கனிகளைச் சத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்தியது. அதில் 100 மதிப்பெண்ணுடன் முதலிடம் பெற்றது வாட்டர்கிரெஸ். குறைந்த கலோரியில் எவ்வளவு சத்து கிடைக்கிறது என்று பார்த்த கணக்கு அது. நோய்களைத் தீர்க்கும் மருந்து என்று அதற்குப் பொருளல்ல.

செடிக்குப் பிடிக்காத தண்ணீர்

வாட்டர்கிரெஸ் ஓடைகளின் ஓரத்தில் வளரும் செடி. ஓடும் நீர் வேர்களுக்கு உயிர்க்காற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். அதே செடியை அசையாத நீரில் நாள்கணக்கில் நிறுத்தினால் நீர் நாறும், வேர் அழுகும், இலை மஞ்சளாகும். செடி கேட்பது புதிய நீரும் காயாத ஈரமும்தான். தேங்கிய நீர் அதற்கும் ஆகாது.

ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தேங்கிய நீர்தான் தொட்டில். 20 காசு நாணயத்தின் அளவு நீர் இருந்தாலே அது முட்டையிட்டுவிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 நாள் போதும். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு 35,000க்கும் மேற்பட்டோரை டெங்கி பாதித்தது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு 130,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஒரு பூச்சட்டித் தட்டைச் சிறிய விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது.

ஆக, செடிக்குப் பிடிக்காத தண்ணீர்தான் கொசுவுக்குப் பிடித்த தண்ணீர். செடியை ஒழுங்காகக் கவனிப்பவர் வீட்டில் கொசுவுக்கு இடமிருக்காது.

நடுவது எப்படி?

விதை தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் வாங்கும் ஒரு கட்டுக் கீரையே போதும். தண்டின் கணுக்களில் வெள்ளை நூல்போலச் சிறு வேர்கள் தெரியும். அப்படிப்பட்ட தடித்த தண்டுகளாக ஐந்தாறு எடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி, அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றித் தண்டுகளை நிறுத்த வேண்டும். நீரைத் தினமும் மாற்றுவது கட்டாயம். ஒரு வாரத்தில் வேர் நன்றாக இறங்கிவிடும்.

அடுத்தது சட்டி. அடியில் துளையுள்ள, அகலமான சட்டி நல்லது. தோட்டமண்ணோடு மக்கிய உரம் கலந்து நிரப்பி, தண்டுகளை இரண்டு கணு புதையும்படி நட வேண்டும். காலையும் மாலையும் துளை வழியே வழியும் அளவுக்கு நீர் ஊற்றலாம். வழிந்த நீரை உடனே கொட்டிவிட வேண்டும்.

இடம் பார்த்து வைப்பதும் முக்கியம். இது குளிர்ச்சியை விரும்பும் செடி. கேமரன் மலையில் செழிப்பாக வளர்வது, 31, 32 டிகிரி வெயிலில் வாடிப்போகும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமும் மதியத்தில் நிழலும் கிடைக்கும் இடம் பொருத்தமானது. அப்படியிருந்தும் சந்தைக் கீரைபோலத் தண்டு தடிக்காது. இலை சிறுத்து, காரம் கூடியிருக்கும். நாள்முழுதும் வெயில் அடிக்கும் வீடென்றால் கங்கோங் வளர்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

ஏறக்குறைய ஐந்து வாரத்தில் நுனிகளைக் கிள்ளத் தொடங்கலாம். அடியில் இரண்டு கணு விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும். வெள்ளைப் பூ வந்தால் இலை கசக்கும். பூவைக் கிள்ளிவிட்டு, புதிய தண்டுகளை மீண்டும் வேர்விட வைக்கலாம்.

கொசுவுக்குக் கதவடைப்பு

சட்டிக்கு அடியில் தட்டே வைக்காமலிருப்பது சிறப்பு. தட்டு வேண்டுமென்றால் விளிம்புவரை பருமணல் நிரப்பிவிடலாம். மணல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் மேலே நீர் தெரியாது. கொசு முட்டையிட வழியில்லை.

வேர்விடும் குவளையில் நீரை மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அந்த முட்டைகள் ஈரமில்லாமல் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். பிறகு நீர் பட்டதும் பொரியும். எனவே, குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சட்டி மண் இறுகிவிட்டால் மேலே நீர் தேங்கும். அதையும் வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

சிங்கப்பூரில் தாழ்வாரத்தில் சட்டி வைப்பவர்கள் 1.2 மீட்டர் நடைவழி விடவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. தீ விபத்து நேரத்தில் அந்த வழிதான் உயிர் காக்கும். தடுப்புச் சுவர்மீது சட்டி வைப்பது கீழே நடப்பவர்களுக்கு ஆபத்து.

சாப்பிடுவதற்கு முன்

ஆடு மாடு மேயும் இடங்களுக்கு அருகில், ஓடை நீரில் வளரும் வாட்டர்கிரெஸில் கல்லீரலைத் தாக்கும் ஒருவகைத் தட்டைப்புழுவின் நுண்கூடுகள் ஒட்டியிருக்கக்கூடும். கழுவினால் மட்டும் அவை போய்விடும் என்று நம்ப முடியாது, நன்றாக வேகவைத்தால் அழிந்துவிடும். எங்கு விளைந்தது என்று தெரியாத கீரையைப் பச்சையாகச் சாப்பிடாமலிருப்பது பாதுகாப்பு. குழாய் நீரில் வளர்த்தாலும், சந்தைத் தண்டில் ஏற்கெனவே இருந்த இலைகளைச் சமைத்தே உண்ண வேண்டும்.

இன்னொன்று, இதில் 'கே' வைட்டமின் மிக அதிகம். இரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று இந்தக் கீரையை நிறையச் சாப்பிட்டால் மாத்திரையின் வேலை குறையலாம். இதய நோயாளியான தாத்தா பாட்டி உள்ள வீடுகளில், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சமைப்பது நல்லது.

மற்றவர்கள் சிறுபருப்போடு கூட்டாகவோ, பூண்டு தட்டிப்போட்டுப் பிரட்டலாகவோ, மீன் சூப்பிலோ சேர்த்துக்கொள்ளலாம். அதிக நேரம் வெந்தால் சத்தும் மணமும் குறையும்.

தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நீரை மாற்றுவதும், தட்டைப் பார்ப்பதும், மண்ணைக் கிளறுவதும் அதற்குள் முடிந்துவிடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தால் இன்னும் நல்லது. கீரை எப்படி வளர்கிறது என்பதையும் கொசு எப்படி வளர்கிறது என்பதையும் அவர்கள் ஒன்றாகவே கற்றுக்கொள்வார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு நேரமில்லை என்பவர்கள், கீரையைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்வது அண்டைவீட்டாருக்குச் செய்யும் உதவியாகும்.