நாற்பது நாள் கோழியின் இதயம்

இறகு சிலிர்த்து, கொண்டை நீலம் பாரித்து, மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிராய்லர் கோழி. இறந்தபின் வயிற்றைக் கீறினால் இளமஞ்சள் நீர் வழியும். நீர் தேங்குவது வயிற்றில்தான். ஆனால் கோளாறின் வேர் நுரையீரலிலும் இதயத்திலும் இருக்கிறது.

கோழியின் நுரையீரல் நம்முடையதைப்போல விரிந்து சுருங்காது. விலா எலும்புகளோடு ஒட்டிக் கிடக்கும். காற்றை இழுத்துத் தள்ளுவது காற்றுப்பைகளின் வேலை. நுரையீரல் விரியாததால் அதிலுள்ள ரத்தக் குழாய்களுக்கும் விரிய இடம் குறைவு. 40 நாளில் 2 கிலோவைத் தாண்டும் உடலோ மேலும் மேலும் ஆக்சிஜன் கேட்கிறது. இதயம் அந்தக் குறுகிய குழாய்களுக்குள் கூடுதல் ரத்தத்தைத் தள்ள, அழுத்தம் ஏறுகிறது. குளிரும் மலை உயரமும் சேர்ந்தால் நிலைமை மோசம். ஆண்டிஸ் மலைப் பண்ணைகளில் கோழிகள் இப்படி மாண்டிருக்கின்றன. சதைக்காகவே தேர்ந்து தேர்ந்து வளர்த்த நாம், அந்தச் சதைக்கு ரத்தம் தரும் உறுப்பை மறந்துவிட்டோம். எனக்கு இது வலிக்கிறது.

நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் வலது கீழறை அந்த அழுத்தத்தால் தடிப்பதால், நோயை உறுதிசெய்ய ஒரு தராசு போதும். இதயத்தின் மேலறைகளை வெட்டி நீக்கிவிட்டு, வலது கீழறைச் சுவரைத் தனியாக அரிந்து நிறுப்பார்கள். இரு கீழறைகளின் மொத்த எடையில் அது கால்வாசியைத் தாண்டினால் சந்தேகம். 30 சதவீதத்தைக் கடந்தால் நோய்தான். பறவைகளில் வலப்பக்க வால்வும் அந்தச் சுவரின் தசையாலேயே ஆனது. சுவரோடு வால்வும் தடித்து, சரியாக மூடாமல் போகிறது. ரத்தம் பின்வாங்கி ஈரலில் தேங்க, நீர் கசிகிறது.

இந்தத் தசையின் உயிரணுக்களுக்குள் என்ன நடக்கிறது? அதைக் காட்டக்கூடிய ஒரு தடயம் குரோமோசோம் நுனிகளில் இருக்கிறது. அங்கே டிஎன்ஏவின் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும். அதுதான் டெலோமியர், நுனியைக் காக்கும் உறை. உயிரணு பிரியும்போதெல்லாம் இது கொஞ்சம் தேயும். தேய்ந்ததை நீட்டும் நொதி டெலோமரேஸ். இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதயத்தசை அணுக்கள் அதிகம் பிரிவதில்லை. அங்கே பிரிவைவிடப் பெரிய எதிரி ஆக்சிஜனேற்றச் சிதைவு. ஆறில் மூன்றெழுத்து ஜி. டிஎன்ஏ எழுத்துகளில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவது அதுதான். மூச்சுத் திணறும் இதயத்தில் அந்தத் தாக்குதல் கூடுகிறது. கருவில் சுறுசுறுப்பாக இருந்த டெலோமரேஸோ, குஞ்சு பொரித்தபின் பல திசுக்களில் அடங்கிவிடுகிறது.

இதயத்தில் டெலோமியர் தேய்ந்திருக்கிறதா என்று அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கோழியின் சில குட்டிக் குரோமோசோம்களில் டெலோமியர் மிக மிக நீளம்; இதே ஆறெழுத்து குரோமோசோமின் நடுவிலும் கிடக்கிறது. சிறிய தேய்மானம் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். ஆகவே நோயுற்ற கோழியின் வலது கீழறையை, அதன் இடது கீழறையோடும் அதே வயதுள்ள நல்ல கோழியின் வலது கீழறையோடும் அருகருகே வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.