பருப்பு வேகாத ஊர்

எத்தியோப்பியாவில் மெக்கெல்லே என்ற ஊருக்குக் கல்லூரி வாத்தியாராகப் போன முதல் வாரம், என் மனைவி துவரம்பருப்பை ஒன்றரை மணி நேரம் அடுப்பில் வைத்துப் பார்த்தாள். அது பருப்பாகவே கிடந்தது. குக்கரை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். "இந்த ஊர்ல தண்ணிகூட ஒழுங்கா கொதிக்க மாட்டேங்குது" என்றாள். அவள் சொன்னது சரிதான். மெக்கெல்லே 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் அங்கே 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

ஊர் ஏன் அவ்வளவு உயரம்? நிலவியல் வாத்தியாரிடம் கேட்கக் கூடாத கேள்வி. விடிய விடியச் சொல்வேன். தென் ஆப்பிரிக்காவுக்கு அடியில், 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் கருவத்தை ஒட்டிச் சூடான பாறைத்திரள் ஒன்று இருக்கிறது. நிலநடுக்க அலைகள் அதற்குள் புகுந்தால் அவற்றின் வேகம் குறைகிறது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அது வடகிழக்காகச் சாய்ந்தபடி கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்கி ஏறுகிறது. கண்டத்தையே அடியிலிருந்து தாங்கி உயர்த்துகிறது. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியாவில் லாவா அடுக்கடுக்காகக் கொட்டி மலைகளானதற்கும் ஆழத்துச் சூடுதான் காரணம்.

ஆனால் கீழே நெருப்புக் கடல் எதுவும் இல்லை. தஞ்சாவூர்ப் பையனானாலும் மெக்கெல்லே பையனானாலும், பூமியை வெட்டிப் படம் போடச் சொன்னால் உள்ளே சிவப்பாகக் குழம்பைத்தான் வரைகிறான். கவசம் என்கிற அந்தப் பகுதி திடப் பாறை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிற பாறை, அவ்வளவுதான்.

பின் எப்படி உருகுகிறது? அடுத்த விடுமுறையில் குக்கர் வந்து சேர்ந்தது. ஒரு நாள் ஆவி அடங்கும் முன் நான் மூடியை நெம்பிவிட்டேன். சாம்பார் கூரைக்குப் போனது. குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அடங்கிக் கிடப்பது அழுத்தத்தால். அழுத்தம் போனால், அடுப்பை அணைத்திருந்தாலும் பொங்கும். கவசப் பாறையும் அப்படித்தான். மேலே நிலத்தட்டு இழுபட்டு மெலிகிறது. அடியிலிருக்கும் சூடான பாறை மேலேறுகிறது. பாரம் குறையக் குறைய அதில் ஒரு சிறு பங்கு உருகிவிடுகிறது. புதிதாகச் சூடு சேர வேண்டியதே இல்லை. கூரையிலிருந்த கறையை மூன்று ஆண்டு வகுப்பில் உதாரணம் காட்டினேன்.

தட்டு மெலிவதைப் பார்க்க ஜீப்பில் ஒரு நாள் கிழக்கே இறங்கினால் போதும். அங்கே டல்லோல் என்ற இடத்தில் நிற்கும்போது கடல்மட்டம் நம் தலைக்கு 100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அஃபார் ஆட்கள் உப்புத் தரையைக் கழியால் நெம்பி, கைவாச்சியால் செதுக்கிச் செங்கல் செங்கலாக ஒட்டகத்தில் ஏற்றுவார்கள். அளவுகோல் கிடையாது, ஆனாலும் எல்லாம் ஒரே அளவு. அங்கிருந்து தெற்கே எர்ட்டா அலே எரிமலை. காலடியில் பழைய லாவா அப்பளம்போல நொறுங்கியது. குழிக்குள் லாவா ஏரி; காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் மேலே கறுப்புத் தோல். தோல் பிளந்த இடத்தில் சிவப்புக் கோடு ஓடும், இன்னோர் இடத்தில் தோல் மடிந்து உள்ளே போகும். நிலத்தட்டுகளைப் பற்றி நான் எடுத்த பாடம் மொத்தமும் அந்த ஐந்து நிமிடத்தில் இருந்தது.

இந்த அஃபார் பகுதியில் தட்டுகள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் விலகுகின்றன. ஆனால் 2005 செப்டம்பரில், தப்பாஹு எரிமலைப் பக்கம், 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைக்குழம்பு நிலத்தடியில் ஆப்பு அடித்ததுபோல் புகுந்து, சில வாரங்களில் தரையை 8 மீட்டர் வரை விலக்கிவிட்டது. சில நூறு ஆண்டு பாக்கியை ஒரே தவணையில் கட்டிய மாதிரி! வெளியே வந்ததோ ஒரு சிறு வெடிப்பும் கொஞ்சம் சாம்பலும்தான்.

2025 ஜூனில் வெளியான ஆய்வொன்று, இந்தப் பகுதியின் 130-க்கும் மேற்பட்ட எரிமலைப் பாறைகளைச் சோதித்து, ஆழத்துச் சூடு ஒரே சீராக அல்ல, துடிப்புத் துடிப்பாக ஏறுகிறது என்றது. மேலிருக்கும் தட்டின் தடிமனும் இழுபடும் வேகமும் அந்தத் துடிப்பை மாற்றுகின்றனவாம்.

அதே ஆண்டு நவம்பர் 23-ல் எர்ட்டா அலேக்குப் பக்கத்திலேயே ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. சாம்பல் செங்கடலைத் தாண்டி மறுநாள் இரவு டெல்லி வானம் வரை வந்தது. விமானம் ரத்தாகி அங்கே மாட்டிக்கொண்ட மகன் போன் செய்தான்: "அப்பா, எத்தியோப்பியாவுல ஏதோ எரிமலையாம்." என் பக்கத்திலிருந்து அவன் அம்மா கேட்டாள்: "எது, அந்தப் பருப்பு வேகாத ஊர்ப் பக்கமா?"