புலம்பெயர்ந்தோர் பள்ளி – 9: வாரம் இரண்டு மணி நேரம்

அரசு நடத்தும் மொழி வகுப்புகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வகுப்புக்கு வர முடியாதவர்களையும், வந்து நிலைக்காமல் போனவர்களையும் இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இவர்களில் பலருக்கு ஆங்கிலம் சொல்லித்தருபவர் சம்பளம் வாங்காத ஒருவர். ஓய்வுபெற்ற கணக்காளராக இருக்கலாம், கல்லூரி மாணவியாக இருக்கலாம். இடம் பெரும்பாலும் பொது நூலகத்தில் ஒரு மேசை. நேரம் வாரத்துக்கு இரண்டு மணி. இந்த ஏற்பாட்டைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். மொழி தெரிந்த யாரும் சொல்லித்தரலாம், மனமிருந்தால் போதும் என்பார்கள் ஒரு சாரார். இது வார இறுதிப் புண்ணியம், இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. வகுப்பறையால் ஆகாத ஒரு காரியம் தன்னார்வலரால் ஆகிறது. ஆனால் அவருக்குப் பின்னால் பயிற்சியும் பணமும் நிற்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் தன்னார்வம் என்பது அரசு கைகழுவக் கிடைத்த தண்ணீர்தான்.

இந்த முறை பிறந்ததே பணம் இல்லாமல் போனதால்தான். 1930 வாக்கில் பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில், லானாவ் பகுதியில், ஃபிராங்க் லாபாக் என்ற அமெரிக்க மிஷனரி மரனாவ் முஸ்லிம்களுக்கு அவர்கள் மொழியிலேயே எழுத்துக் கற்பித்துக்கொண்டிருந்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவிலிருந்து வந்த நன்கொடை வற்றியது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. அப்போது மரனாவ் தலைவர் ஒருவர், கற்றவன் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குக் கற்பித்தே ஆகவேண்டும், மறுத்தால் கொன்றுவிடுவேன் என்றாராம். லாபாக் இயக்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. அப்படிப் பார்த்தால் முதல் தன்னார்வலர்கள் தலைக்குப் பயந்து வந்தவர்கள்! லாபாக் பிற்பாடு நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் 1955-இல் தம் அமைப்பை நிறுவினார். அதே நகரில் 1962-இல் ரூத் கால்வின் என்ற பெண்மணி இன்னோர் அமைப்பைத் தொடங்கினார். தம் ஊர் வட்டாரத்திலேயே 11,000-க்கும் மேற்பட்டோருக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது என்று மக்கள்தொகைக் கணக்கு சொன்னதை நாளிதழில் பார்த்து அதிர்ந்துபோனவர் அவர். 2002-இல் இரண்டு அமைப்புகளும் ‘புரோலிட்டரசி’ என்ற பெயரில் ஒன்றாயின. 2024-இல் கால்வின் 107 வயதில் காலமானார். அவர் வாழ்க்கையில் நான் அடிக்கோடிட விரும்புவது ஒன்றைத்தான். ஆர்வத்தோடு வந்தவர்களை அப்படியே மேசைக்கு அனுப்பிவிடாமல், வாசிப்புக் கல்வி வல்லுநர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன்னார்வலர்களுக்கென்று பயிற்சியும் கையேடும் உருவாக்கினார் அவர். நல்ல மனம் மட்டும் போதுமென்றால் கையேடு எதற்கு?

‘ஆங்கிலம் தெரியாதவர்’ என்று நாம் ஒரே கூடையில் போடுகிறவர்கள் உண்மையில் ஒரே ரகம் அல்லர். சிரியாவில் பொறியாளராக இருந்தவருக்கு இது இன்னொரு மொழி, அவ்வளவுதான். நேபாள முகாம்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, 2008-இலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்த பூட்டான் அகதிகளில் பள்ளியையே பார்க்காத முதியவர்கள் உண்டு. அவர்களுக்கு எழுத்து என்ற ஏற்பாடே புதிது. இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை மொராயிஸ் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் போர்ச்சுகலில் செய்து 1979-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். நம் மொழியில் சொன்னால், ‘மாடு’ என்பதில் ‘ம்’ போனால் ‘ஆடு’ என்பது போன்ற கணக்கு. எழுத்தறியாத பெரியவர்களில் பெரும்பாலோரால் அது முடியவில்லை. அதே பின்னணியில் வளர்ந்து, வயதுவந்த பிறகு படிக்கக் கற்றவர்கள் அதைச் செய்தார்கள். அறிவுக் குறைவு அல்ல இது. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்கும் காது எழுத்தோடு சேர்ந்தே வருகிறது. ஜெர்மனி தன் ஒருங்கிணைப்புப் பாடத்திட்டத்தில் இதை எண்ணாகவே ஒப்புக்கொள்கிறது. பொது மொழிப் பாடத்துக்கு 600 பாடவேளை, எழுத்தும் சேர்த்துக் கற்க வேண்டியவர்களுக்கு 900. ஆனால் மணி நேரத்தைக் கூட்டுவதோடு இது தீர்ந்துவிடாது. இருபது பேர் உள்ள இரண்டு மணி நேர வகுப்பில், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும், ஒருவருக்குக் கிடைப்பது ஆறு நிமிடம். அந்தப் பொறியாளர் தன் ஆறு நிமிடத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார். எழுத்தறியாதவர் கரும்பலகையைப் பார்த்துப் படம்போல வரைந்துகொண்டிருந்துவிட்டு, நாலாம் வாரம் நின்றுவிடுவார்.

மேசையில் நடப்பது வேறு. கால்வின் வழிவந்த பயிற்சிகளில் முக்கியமான ஓர் உத்தி, கற்பவர் சொல்வதையே பாடமாக்குவது. “நைட் வொர்க். மார்னிங் பஸ் லேட்” என்று ஒரு பெண் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் அதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, விரலை ஓட்டிப் படித்துக் காட்டுகிறார். அந்தப் பெண்ணும் விரலை ஓட்டிப் படிக்கிறார். தான் சொன்னதாயிற்றே, பொருள் முன்பே தெரியும். பிறகு சொற்களைத் துண்டுச் சீட்டுகளாக வெட்டிக் கலைத்து, மறுபடி அடுக்கச் சொல்கிறார்கள். ‘பஸ்’ஸின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ‘பேக்’, ‘பேபி’, ‘பேங்க்’ என்று போகிறார்கள். இங்கே ஒரு பழைய சர்ச்சை உண்டு. இலக்கணப் பிழையோடு சொன்னதை அப்படியே எழுதலாமா, பிழையே பழகிவிடாதா என்பார்கள். எழுதலாம் என்றே நினைக்கிறேன். அன்று அவர் கற்பது ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள முடிச்சை. வாக்கியத்தைத் திருத்தி எழுதினால் அது அவருடைய வாக்கியமாக இருக்காது, விரலும் தடுமாறும். இலக்கணம் கற்கப் பிறகு நாள் இருக்கிறது. ஒருவரது பேச்சிலிருந்து பாடம் எடுக்கும் இந்த வேலையை இருபது பேருக்குச் செய்ய எவ்வளவு தேர்ந்த ஆசிரியராலும் முடியாது. வகுப்பால் ஆகாத காரியம் என்று நான் சொன்னது இதைத்தான்.

மறுப்புகளில் கனமானது கணக்கு. ஆஸ்திரேலியா 1948-இலிருந்து குடியேறிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்தை நடத்துகிறது. பல ஆண்டுகள் ஒருவருக்கு 510 மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்து, போதவில்லை என்று 2021-இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. வாரம் இரண்டு மணி என்றால் ஆண்டுக்கு நூறு மணி. அந்தப் போதாத 510-ஐத் தொடவே ஐந்து ஆண்டு ஆகும். உண்மைதான், மறுக்க வழியில்லை. அதனால்தான் தன்னார்வலரை ஆசிரியருக்கு மாற்றாக வைப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த நூறு மணியும் முழுக்க ஒருவருக்கே சொந்தம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆறு நிமிடக் கணக்குப்படி, வகுப்பில் அவ்வளவு நேரம் வாய் திறக்க இரண்டாயிரம் மணி நேரம் உட்கார வேண்டும். ஆஸ்திரேலியத் திட்டத்துக்கு உள்ளேயே தன்னார்வலர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

கைப்பேசி மொழிபெயர்த்துத் தரும், பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், இந்தப் பாடு எதற்கு என்பது அடுத்த கேள்வி. மொழிபெயர்த்ததைப் படிக்கவும் எழுத்து வேண்டும். கைப்பேசி வாய்விட்டே சொன்னாலும், சொல் காதில் விழுவதும் பொருள் கைக்கு வருவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சாட்சி. மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த ‘இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை’ என்ற குறிப்பை, வாசிப்புத் திறன் குறைந்த நோயாளிகளில் சுமார் 71 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். நாளுக்கு எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டச் சொன்னபோது, சரியாக நான்கை எடுத்தவர்கள் சுமார் 35 விழுக்காடு. இவர்கள் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்கக் கல்விப் புள்ளியியல் மையம் 2019-இல் வெளியிட்ட கணக்கில், ஆங்கில எழுத்தறிவு குறைந்த பெரியவர்கள் 4 கோடியே 30 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பிள்ளைகளை நம்பும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாயின் நோயை மருத்துவரிடம் பத்து வயதுப் பையன் எடுத்துச் சொல்வது இருவருக்குமே நல்லதல்ல.

கடைசி மறுப்பு தொழிற்சங்கத் தரப்பிலிருந்து வருவது. இலவசமாக ஆள் கிடைத்தால், சம்பளம் வாங்கும் ஆசிரியரை அரசு ஏன் வைத்துக்கொள்ளும்? இந்தப் பயம் வீண் பயமல்ல, ஆனால் அதற்குப் பரிகாரம் தன்னார்வலரை விலக்குவதும் அல்ல. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் நமக்குத் தெரியும். ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த தொண்டர்களுக்குப் பின்னால் மாவட்ட நிர்வாகமே நின்றது, பாடநூல் வந்தது, பயிற்சி வந்தது. நூலக மேசைக்கும் அதுவே தேவை. கனடாவில் கூட்டரசு நடத்தும் மொழி வகுப்புகளில், அகதிக் கோரிக்கை வைத்து முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு இடமில்லை. அப்படிக் காத்திருந்தவர்களில் ஈழத்தமிழர்களும் உண்டு. விதி விட்ட இடத்தைத் தன்னார்வலர் நிரப்பலாம்தான். ஆனால் அவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டால், பாதிப் பாடத்தில் நிற்பவருக்கு அடுத்தவரைத் தேடித்தருவது யார்? புதிதாக வருபவருக்குப் பயிற்சி தருவது யார்? யாருக்கு யார் பொருத்தம், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்க, மாதச் சம்பளத்தில் முழுநேர ஒருங்கிணைப்பாளர் வேண்டும். நன்கொடையாளர்களுக்குப் புத்தகம் வாங்கித்தரப் பிடிக்கிறது, படம் எடுத்துப் போடலாம். ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்குக் காசு கேட்டால் ‘நிர்வாகச் செலவு’ என்று முகம் சுளிக்கிறார்கள். அந்தச் செலவை வெட்டிய இடத்தில் பட்டியலில் தன்னார்வலர்கள் இருப்பார்கள், மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் மூன்று ஆங்கில வாக்கியங்களில் ஒன்றையாவது சரியாகப் படிக்க வேண்டும், சொல்லக் கேட்டு மூன்றில் ஒன்றையாவது எழுத வேண்டும். நூலக மேசைக்கு வரும் பலரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது அந்தத் தேர்வுதான். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.