நீல விளக்குக்கு மயங்காத கொசு

விடுமுறை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு 'இஞ்சினீயர்' கிளம்பிவிடுவார். "அம்மா! கொசுவைக் கொல்ல நானே ஒரு மின்சாரப் பொறி செய்யப் போகிறேன். பழைய டிரான்ஸ்பார்மரும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் போதும்" என்று உங்கள் பிள்ளை வந்து நிற்கிறானா? உடனே சீறி விழாதீர்கள். சரியென்று தலையாட்டியும் விடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

ஆசை ஒன்றும் புதிதல்ல. 1930களிலேயே அமெரிக்காவில் இத்தகைய பொறிகளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சூட்சுமமும் எளியதுதான். நடுவில் நீல ஒளி விளக்கு. அதைச் சுற்றி, சிறு இடைவெளி விட்டு இரண்டு அடுக்குக் கம்பிவலை. வலையில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம். விளக்கைத் தேடி வரும் பூச்சி இரு கம்பிகளுக்கும் பாலமாகிவிடும். 'பட்'டென்று ஒரு சத்தம். அதன் கதை முடிந்தது!

ஆனால், செத்தது கொசுதானா? அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆறு பொறிகளில் விழுந்த பூச்சிகளை எண்ணிப் பார்த்து, 1996-ல் கணக்கை வெளியிட்டார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். அவற்றில் மனிதரைக் கடிக்கும் ஜாதி வெறும் 31! மற்றவையெல்லாம் நம்மைக் கடிக்காதவை. நன்மை செய்பவையும் அவற்றில் உண்டு.

காரணம் இதுதான். கடிப்பது பெண் கொசு மட்டுமே. நாம் விடும் மூச்சும், வியர்வை வாசனையும், உடம்புச் சூடும்தான் அதற்கு வழிகாட்டி. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அதற்கு விளக்கு எதற்கு?

இனி அபாயத்தைக் கேளுங்கள். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மர் சுமார் 2,000 வோல்ட் தரும். கை பட்டால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக் மின்விசிறிக்கு மாற்றுவாரே 'கண்டென்சர்', அந்த இனத்துச் சாமான் ஒன்றும் அந்த அடுப்பில் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். "ஸ்விட்சை அணைத்துவிட்டேனே!" என்பது அதனிடம் செல்லாது.

கடையில் வாங்கிய கொசு பேட்டிலும் கவனம் தேவை. காஸ் வாசனை வரும்போதோ, பூச்சி மருந்து அடித்த கையோடோ அதை வீசாதீர்கள். ஒரு பொறி போதும், தீப் பற்றிக்கொள்ள!

அப்படியானால் பையனின் உற்சாகம் வீணாக வேண்டியதுதானா? வேண்டாம், அவனை வீட்டுக்கு 'கொசு இன்ஸ்பெக்டர்' ஆக்கிவிடுங்கள். கொசுவின் முட்டை ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே ஞாயிறுதோறும் பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்புறத் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்கச்சி எல்லாவற்றிலும் நிற்கும் நீரைக் கொட்டச் சொல்லுங்கள். டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். இன்னும் சுறுசுறுப்பு மிச்சமிருந்தால், சுத்தியலும் கொசுவலையும் கொடுத்து ஜன்னலுக்கு அனுப்புங்கள்.

மின்சாரப் பொறியில் ஒவ்வொன்றாகச் சாகக் காத்திருப்பானேன்? ஒரு வாளி நீரைக் கவிழ்த்தால் ஒரு கொசுப் பட்டாளமே பிறக்காமல் போய்விடுமே!