என் பேர்ல ஒரு செக்

மிசிசாகாவுல நான் பகுதிநேரமா வேலை பார்த்த கடையோட முதலாளி ஒருநாள் தனியாக் கூப்பிட்டார். "தம்பி, உம்மட பேரில 1,200 டொலருக்கு ஒரு செக் எழுதித் தாரும். காசை இப்பவே கையில தாறன்." கவுன்சிலருக்கு நிக்கிற ஒருத்தருக்கு நன்கொடையாம்.

ஏன் என் பேர்ல? வீட்டுக்கு வந்து விதிகளைப் படிச்சப்பதான் புரிஞ்சுது. ஒன்டாரியோவில் 2018 தேர்தலிலிருந்து உள்ளாட்சி வேட்பாளருக்குக் கம்பெனியும் கொடுக்க முடியாது, தொழிற்சங்கமும் கொடுக்க முடியாது. மாகாணத்துல குடியிருக்கிற தனி ஆள் இங்கே ஒரு வேட்பாளருக்கு 1,200 டாலர் வரை கொடுக்கலாம். 100 டாலரைத் தாண்டினா பேரும் முகவரியும் பொதுக்கணக்குல வந்துடும். முக்கியமா, அது கொடுக்கிறவரோட சொந்தக் காசா இருக்கணும்.

இது ஒண்ணும் புது டெக்னிக் இல்லை மக்களே. கனடா மத்தியத் தேர்தல்ல கம்பெனி நன்கொடைக்கு 2004ல் கடிவாளம் போட்டாங்க, 2007ல் முழுசாத் தடை பண்ணாங்க. அப்படியும் எஸ்என்சி-லாவலின் கம்பெனியில 2004க்கும் 2011க்கும் நடுவில ஊழியர்கள் பேர்ல சுமார் 1,18,000 டாலர் கட்சிகளுக்குப் போயிருக்கு. கொடுத்தவங்களுக்குக் கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுச்சு. 2016லதான் ஒத்துக்கிட்டாங்க.

நம்மூர்ல இந்த முகமூடிகூடத் தேவைப்படலை. 2018ல வந்த தேர்தல் பத்திரத்துல கொடுத்தவர் பேரே வெளிய வராது. சராசரி லாபத்துல 7.5 சதவீதம்தான் கொடுக்கலாம்கிற வரம்பையும் அதுக்கு முன்னாடியே, 2017ல, தூக்கிட்டாங்க. 2024 பிப்ரவரி 15ல் உச்சநீதிமன்றம் திட்டத்தை ரத்து பண்ணினப்புறம்தான் பட்டியல் வெளிய வந்துது. மொத்தத்துல அதிகம் வாங்கின கட்சி பாஜக. அதிகம் கொடுத்தது லாட்டரி மார்ட்டினோட ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதுல 509 கோடி திமுகவுக்கு. தமிழ்நாட்டுல லாட்டரிக்கு 2003லயே தடை போட்டாச்சுங்கிறது தனி காமெடி!

சரி, என் கதைக்கு வர்றேன். "வேணாம்ணா, அது என் காசு இல்லையே"ன்னேன். அவர் கோபப்படலை. "பரவாயில்லைத் தம்பி, வேற ஆளைப் பாக்கிறன்" என்றார். அடுத்த வாரம் என்னோட மூணு ஷிஃப்ட் ஒண்ணாச்சு.

இவ்வளவு பெரிய சட்டம், வாடகைக்கு ஷிஃப்டை நம்பியிருக்கிற ஒருத்தன் "மாட்டேன்"னு சொல்றதுல போய் நிக்குது. அந்த 'வேற ஆள்' என்ன சொன்னார்னு தெரியாது. அவர் மேல எனக்குக் கோபமும் இல்லை. அவருக்கும் மாசம் ஒண்ணாந்தேதி வாடகை உண்டே.

பிரம்ப்டன் பக்கம் எங்கயாச்சும் ஆள் எடுத்தா சொல்லுங்கப்பா.