உடன் இருப்பவர்

சென்னை அடையாறில் 1954 ஜூனில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதில் 12 படுக்கைகள் இருந்தன. தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டுகளாக மனத்தில் சுமந்திருந்த காரியம் அது. மறு ஆண்டு அங்கே பணிக்கு வந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த மருத்துவமனையோடே வாழ்ந்தார். இன்று அங்கே 500க்கு மேல் படுக்கைகள் உள்ளன. மருத்துவம் அடைந்த வளர்ச்சிக்கு இந்த இரண்டு எண்கள் போதும். படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கதைக்கு அவை போதாது.

அன்று ஒருவருக்கு நோய் என்றால் ஒரு குடும்பமே பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. மார்பில் கட்டி வந்த பெண்ணுக்கு மார்பு முழுவதும் எடுக்கப்படும். புண் ஆறிய பிறகு கதிர்வீச்சு, அன்றைய பேச்சில் கரண்ட் வைப்பது, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். தோலில் மையால் போட்ட கோடு அழியக் கூடாது என்று குளிக்கும்போதும் கவனமாக இருக்க வேண்டும். தருமபுரியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்தவர்கள் அடுப்பும் பாத்திரமுமாக அருகில் எங்காவது தங்கினார்கள். அத்தை இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவாள், சின்னம்மா வருவாள். பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தார்கள். ஆனால் மருத்துவத்தில் அவர்கள் செய்யக்கூடியது ஏறக்குறைய எதுவும் இல்லை. உடன் இருப்பது ஒன்றே அவர்கள் வேலை.

இன்று கட்டியை மட்டும் நீக்கி மார்பைக் காப்பாற்ற முடிகிற பெண்கள் பலர். கதிர்வீச்சு பலருக்கு மூன்று வாரத்தில் முடிகிறது. கீமோவுக்குக் காலையில் ரத்தப் பரிசோதனை, பகலில் டிரிப், மாலையில் வீடு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் சில நாட்களில், காயத்திலிருந்து நீர் வடியும் குழாயுடனேயே வீடு திரும்புகிறார். அந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று தேதி போட்டு நோட்டில் எழுதுவது மகளின் பொறுப்பு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஓட வேண்டும். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் கொப்பளிக்க வைக்க வேண்டும். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பது தெரிந்திருக்க வேண்டும். வார்டில் மூன்று ஷிப்டு நர்ஸுகள் பார்த்த வேலையில் பாதி இப்போது ஒரே ஒரு பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் பெண்தான், மனைவி, மகள், மருமகள். அவளுக்கு மாற்றாக இரண்டு வாரம் வந்து தங்க அத்தையும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. அவரவர் ஊரில் அவரவர் வேலை. சொந்தக் கட்டிலில் படுப்பது நோயாளிக்குப் பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஆறுதலின் விலையைக் கொடுப்பவள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குமட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களுக்கு முன் கீமோ எடுத்தவர் கட்டிலுக்கு அடியில் பேசின் இல்லாமல் இருந்ததில்லை. வாந்திக்குப் பயந்து பாதியில் சிகிச்சையை விட்டவர்கள் உண்டு. ஒன்டான்செட்ரான் என்ற மருந்து வந்த பிறகு அந்தப் பயம் பெருமளவு அடங்கியது. சின்ன மாத்திரைதான், ஆனால் சிகிச்சையை முழுமையாக முடிக்க அது எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தது.

பணத்தின் கதையும் மாறியது. அன்று நிலத்தை விற்றார்கள், தாலிக்கொடியை அடகு வைத்தார்கள். இன்று முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கிறது. ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியில் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம். உடன் செல்பவர் இழக்கும் தினக்கூலிக்கு மட்டும் எந்த அட்டையும் இல்லை.

மைலாய்டு வகை நாட்பட்ட ரத்தப்புற்றில் நடந்தது இவற்றிலெல்லாம் பெரிய மாற்றம். முன்பு அந்த நோய் வந்தவருக்குப் பொதுவாகச் சில ஆண்டுகளே மிச்சம். 2001இல் இமாடினிப் வந்தது. தினம் ஒரு வேளை மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் மற்றவர்களைப் போலவே வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கரையேற்றி, முதுமையைப் பார்க்கிறார்கள். அதன் முதல் விலை மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்தது 10,000 ரூபாய்க்குள். காப்புரிமை கேட்ட மூல நிறுவனமான நோவார்ட்டிஸின் வழக்கை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தள்ளுபடி செய்ததால் அந்த மலிவு மருந்து நிலைத்தது. நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு இத்தனை வீடுகளின் சமையலறை அலமாரிவரை வந்து சேர்ந்தது அரிது.

வலி விஷயத்தில் நாம் இவ்வளவு தூரம் வரவில்லை. முற்றிய நோயின் வலிக்கு வாய்வழி மார்ஃபின் நல்ல மருந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவமனைகளுக்கே எட்டாமல் வைத்தது. 2014இல் திருத்தம் வந்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலிநிவாரணச் செவிலியர் வீடு தேடி வருகிறார். இருந்தும் தேவைப்படுகிற எல்லோருக்கும் அந்த மருந்து இன்னும் போய்ச் சேரவில்லை. இரவெல்லாம் துடிக்கும் தகப்பனின் அருகில் ஒரு மகன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது 1960க்கு உரியது. இன்று அதற்கு மருத்துவக் காரணம் இல்லை.

அன்று நோயின் பெயரை வாசலிலேயே மகனிடம் சொல்லி அனுப்பினார் டாக்டர். நோயாளிக்குத் தெரிந்திருந்தும் தெரியாததுபோல இருந்தார். தனித் தட்டு, தனி டம்ளர். இன்று பயாப்சி முடிவு நோயாளியின் கைப்பேசிக்கே வருகிறது. தட்டும் டம்ளரும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றாகிவிட்டன. மறைப்பது மட்டும் முழுதாக ஒழியவில்லை, வேறு இடத்துக்குப் போயிருக்கிறது.

1950களில் ரத்தப்புற்று வந்த குழந்தை அடுத்த வகுப்புக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. இன்று நல்ல மையங்களில் அந்த நோயின் முக்கிய வகை வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் குணமடைகிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டு மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்த தாயும், விடுப்பெடுத்து விடுப்பெடுத்துச் சம்பளம் இழந்த தகப்பனும் பிழைக்கவைத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பழைய சிகிச்சைக் கோப்பு மறைக்கப்படுகிறது. பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் மாற வேண்டும். ஏனெனில் கல்யாணத்துக்குப் பிறகு, எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், ஆண்டுப் பரிசோதனையை அவள் விட்டுவிடக்கூடும். குழந்தையாக இருந்தபோது கொடுத்த மருந்துகளில் சில, இருபது ஆண்டு கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். கர்ப்ப காலத்தில் அதைக் கவனிக்கும் டாக்டருக்கு அந்தக் கோப்பு தேவைப்படும்.