பின்சீட்டில் உட்கார்ந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்

சேலம் சூரமங்கலத்தில் ஒரு வீட்டில் கார் வாங்குகிறார்கள் என்றால், ஷோரூமுக்குப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் ஓட்டப்போகிறவர்தான். அந்த வண்டியின் பின்சீட்டில் ஏற்காட்டுக்கும் நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்கும் வருடக்கணக்கில் போய்வரப்போகிற அம்மாயியும் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழுதான சீட்டுக்குச் சட்டத்தில் வழி உண்டு. இடுக்கமான சீட்டுக்கு இல்லை.

முதலில், எஸ்யூவி என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். நீளம் 4 மீட்டருக்குள்ளும், இன்ஜின் பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசிக்குள்ளும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். 4 மீட்டர் எல்லை பழைய வரிமுறையிலும் இருந்ததுதான். அதனால்தான் பல எஸ்யூவிகள் அந்த அளவுக்குள் அடக்கப்பட்டு வருகின்றன. வெளியே வாட்டசாட்டமாக நிற்கும். உள்ளே கால் வைக்கும் இடம் சிறிய காரின் அளவே இருக்கலாம். எஸ்யூவி உண்மையில் தருவது உயரம். சீட் இடுப்பு மட்டத்தில் இருந்தால் மூட்டுவலிக்காரர் குனியாமல், திரும்பி அப்படியே உட்கார்ந்துவிடலாம். சில பெரிய வண்டிகளில் அந்த உயரமே தொல்லை. புடவை கட்டியவர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும்.

இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே வேறு ரகம். 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் சீட் நான்கு. ஆனால் பின்னால் உள்ள இரண்டும் பைகளுக்கும் குழந்தைகளுக்கும்தான் சரி. முன்சீட் மட்டும் இடுப்பை இருபுறமும் பிடித்துக்கொள்ளும். இருவர் மட்டும் பெங்களூர் போவதென்றால் அதில் குறை சொல்ல மாட்டேன், இறங்கும்போது முட்டியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர.

நம் ஊர்க் குடும்பங்களை இழுப்பது இரண்டுக்கும் நடுவே வந்த கூபே எஸ்யூவி. டாடா கர்வ், சிட்ரோயன் பசால்ட், மஹிந்திரா எக்ஸ்இவி 9இ மூன்றும் 2024-ல் வந்தவை. இவற்றின் கூரை பின்னோக்கிச் சரிகிறது. டிக்கி பெரிதாகவே கிடைக்கிறது. பின்சீட்டுக்காரரின் தலைக்கு மேல்தான் இடம் குறைகிறது. வீட்டிலேயே உயரமானவரை முதுகு ஒட்ட உட்காரவைத்து, தலைக்கும் கூரைக்கும் நடுவே கையைப் படுக்கையாக விட்டுப் பாருங்கள். கை நுழையாவிட்டால், வேகத்தடையில் தலை இடிக்கும்.

முன்சீட்டை ஓட்டுபவரின் வசதிக்குத் தள்ளிவைத்த பிறகே பின்னால் உட்கார வேண்டும். விற்பனையாளர் முன்சீட்டை முன்னுக்கு இழுத்துவிட்டு “பாருங்க சார், எவ்வளவு இடம்” என்பது வழக்கம். தொடையின் அடிப்பகுதி மெத்தையில் படிகிறதா, பாதம் முன்சீட்டுக்கு அடியில் நுழைகிறதா, நடு சீட்டுக்குத் தலைத்தாங்கியும் தோள் பெல்ட்டும் உண்டா என்று பாருங்கள். மூன்றாம் வரிசை இருந்தால் அங்கும் ஏறி உட்காருங்கள். அது பின்சக்கரத்தின் மேல் இருப்பதால் குலுக்கல் அதிகம். தரை உயர்ந்திருப்பதால் முழங்கால் நெஞ்சை நோக்கி வரும். ஏற்காட்டின் 20 வளைவுகளைச் சமாளித்த வயிறு கொல்லிமலையின் 70 வளைவுகளில் அங்கே தாங்காது. ஏழு சீட்டையும் நிமிர்த்திய பிறகு டிக்கியில் எத்தனை பை நிற்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் லிட்டர் கணக்கு சில நேரம் சீட்டை மடக்கிய கணக்கு.

சொகுசைவிடப் பெரிய விஷயம் உயிர். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே சொகுசு எஸ்யூவி ஒன்று பாலத்தின் தடுப்பில் மோதியது. பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் நண்பரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம்; போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனாலும் அதே அபராதம். ஆர்சியில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால் விபத்தின்போது காப்பீட்டில் தகராறு வரும். வாங்கிய பிறகு கூடுதல் சீட் பொருத்துவது அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரான மாற்றம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிக்குத் தடித்த லெதர் கவர் தைத்துப் போட்டால், மோதும் நொடியில் அது விரியத் தடையாகலாம்.

இனி, ஏமாந்தால் என்ன செய்வது? “உட்கார வசதியாக இல்லை” என்று போனால் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது. சொன்ன வகையில் உள்ள சீட் வசதி கொடுத்த வண்டியில் இல்லை, போன வருடத் தயாரிப்பைப் புதிதென்று தந்தார்கள், சீட் தண்டவாளம் ஆடுகிறது, பலமுறை கொடுத்தும் சரிசெய்யவில்லை என்றால் வழக்கு நிற்கும். அதற்கு வாய்ப்பேச்சு போதாது. வகையின் பெயர், சீட் எண்ணிக்கை, தயாரிப்பு மாதம், முன்பணம் திரும்பும் நிபந்தனை எல்லாம் கொட்டேஷனில் இருக்கட்டும். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த வண்டிக்கு மாவட்ட ஆணையமே போதும். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே புகார் தரலாம், இணையம் வழியாகவும் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.

பெல்ட், சீட் பூட்டு போன்றவற்றின் குறை உங்கள் ஒரு வண்டியோடு நிற்காமலும் இருக்கலாம். 2022 டிசம்பரில் மாருதி சுசூகி, முன்சீட் பெல்ட்டின் உயரம் மாற்றும் பாகத்துக்காக 9,125 கார்களைத் திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அப்படியொரு பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால், அந்த வேலைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.